அண்ணாந்தே நன்றி சொல்கிறவர்

நன்றி கெட்டவர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நானும் எழுதி அவர்களைப் பெரிய மனிதர்களாக்கப் போவதில்லை. நான் இங்கே உங்களுக்கு அறிமுகப்படுத்தும் பிராணி அதற்கு நேர் எதிர். நாள் முழுக்க நன்றி சொல்லிக்கொண்டே இருப்பவர். காலையில் கண் திறந்ததும் சொல்வார், இரவு கண் மூடும்போது சொல்வார், நடுவில் ஒரு தும்மல் வந்தால் அதற்கும் தனியாக ஒன்று சொல்வார். ஒரே ஒரு விஷயம். நன்றி சொல்லும்போது அவர் தலை எப்போதும் மேலே பார்த்தபடியே இருக்கும். கழுத்து அந்த நிலையிலேயே பழகிவிட்டதால், எதிரில் நிற்கும் ஆள் அவர் கண்ணில் படுவதே இல்லை.

இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் அண்ணாந்தவர். கோயில் மணி அடிக்கிற ஊர் எதுவானாலும் இரண்டு மூன்று பேர் தேறுவார்கள். எங்கள் காஸ்தெல்மோராவில் எத்தனை பேர் என்று எண்ணிச் சொன்னால் நாளையிலிருந்து எனக்கு வேலை கொடுக்க ஆள் இருக்காது. அதனால் ஒருவரோடு நிறுத்திக்கொள்கிறேன். அவர் பெயர் எஜீதியோ. அறுபத்தாறு வயது, கொஞ்சம் ஒலிவத் தோட்டம், கொஞ்சம் திராட்சை, நல்ல குரல்வளம்.

எஜீதியோ சாப்பிட உட்காருவதைப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்க வேண்டும். அவர் மனைவி ஒர்த்தென்சியா காலை ஒன்பது மணிக்கு மாவு பிசைய ஆரம்பித்து, தேய்த்து, வெட்டி, கொண்டைக்கடலையை வேகவைத்து, பன்னிரண்டரை மணிக்கு ஆவி பறக்க அந்தப் பாஸ்தாவைத் தட்டில் கொட்டுவாள். எஜீதியோ நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு ஆரம்பிப்பார். கோதுமையைக் கொடுத்த ஆண்டவருக்குத் தோத்திரம், கோதுமைக்கு மழை தந்த மேகத்துக்காகத் தோத்திரம், மேகத்தைத் தள்ளிவந்த காற்றுக்காகத் தோத்திரம், ஒலிவ எண்ணெய்க்காக, உப்புக்காக, உப்பு இருக்கிற கடலுக்காக, கடலில் இருக்கிற மீனுக்காக (அன்றைக்குத் தட்டில் மீன் கிடையாது), அடுப்பில் எரிகிற நெருப்புக்காக. ஒர்த்தென்சியா கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நெருப்பு வரைக்கும் வந்துவிட்டதே, அடுத்தது அடுப்படியில் நிற்கிறவள்தானே என்று நீங்கள் நினைப்பீர்கள். அவளும் கல்யாணமான புதிதில் அப்படித்தான் நினைத்தாளாம். எஜீதியோ "ஆமென்" சொல்லி, ஒரு வாய் எடுத்து வைத்து, முகத்தைச் சுளிப்பார்.

"என்ன ஒர்த்தென்சியா, ஆறிப்போச்சே?"

இதுதான் அண்ணாந்தவரின் முதல் அடையாளம். நல்லது எல்லாம் மேலேயிருந்து வரும். கெட்டதற்கு மட்டும் கீழே ஆள் இருக்கும். மழை பெய்தால் ஆண்டவர், கூரை ஒழுகினால் கொத்தனார். ஒருமுறை எஜீதியோவுக்குக் குடலிறக்கம் வந்து பெரியாஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை ஆயிற்று. கண் விழித்ததும், மூன்று மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்த்த அந்த டாக்டரம்மாவிடம் இவர் சொன்னது: "ஆண்டவர்தாம்மா உங்க கையைப் பிடிச்சு நடத்தினார். நீங்க வெறும் கருவி." அந்த அம்மாள் நல்ல மாதிரி, சிரித்துவிட்டுப் போய்விட்டாள். நான்காம் நாள் தையல் அரித்தது. உடனே எஜீதியோ வார்டு முழுக்கக் கேட்கும்படி என்ன சொன்னார் தெரியுமா? "இந்தப் பொம்பளைக்குத் தைக்கவே தெரியல."

தைத்தது கருவி அல்லவா? அரிப்புக்கு மட்டும் அது எப்படி டாக்டரம்மா ஆனது? இதையெல்லாம் அவரிடம் கேட்டுப் பயனில்லை. கேட்டால் உங்களுக்கு விசுவாசம் குறைவு என்று சொல்லி உங்களுக்காகவும் ஒரு ஜெபம் சொல்லிவிடுவார்.

அவருடைய நன்றிக்கு அளவு கிடையாது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆடு, மாடு, தேனீ, வெட்டுக்கிளி, பனி, வெயில் என்று ஆண்டவருடைய செயல்களை ஒன்று விடாமல் வரிசையாக நிறுத்திப் புகழ்வார். கேட்கிறவர்களுக்குச் சில நேரம் புல்லரிக்கும், பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த வரிசையில் மனிதர்கள் வர மாட்டார்கள். ஏனோ தெரியவில்லை, மற்ற எல்லாவற்றையும் ஆண்டவர் படைத்தார், மனிதர்களை மட்டும் நகராட்சி அனுப்பிவைத்தது என்பது போல.

போன வருஷம் ஜூலையில் ஆலங்கட்டி விழுந்தது. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு கொத்து மிஞ்சவில்லை. எஜீதியோவின் கொடிகள் தப்பித்துவிட்டன. இவர் உடனே ஓடிப்போய், சரியாக வேலியோரத்தில் முழங்கால் போட்டு, இரண்டு கைகளையும் விரித்து, நெஞ்சு நிறையத் தோத்திரம் பாட ஆரம்பித்துவிட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் தோட்டக்காரர் நசுங்கிய திராட்சையைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார்.

"எஜீதியோ, கொஞ்சம் மெதுவாப் பாடக்கூடாதா?"

"ஆண்டவருக்குக் கேக்க வேணாமா?"

"அவருக்குக் கேக்கும்ப்பா. எனக்குத்தான் கேக்கக் கூடாதுன்னு சொல்றேன்."

எஜீதியோவுக்கு இது புரியவில்லை. பொறாமை என்று நினைத்துக்கொண்டார்.

இவ்வளவையும் நான் எப்படி இத்தனை நெருக்கமாகத் தெரிந்துவைத்திருக்கிறேன் என்று கேட்பீர்கள். என் பெயர் அமெதேயோ, தொழில் பெயின்டிங். வீட்டுச் சுவர், கடைப் பலகை, ஜன்னல் கதவு எல்லாம் அடிப்பேன். ஏணி மேல் நிற்கிறவனை யாரும் மனிதனாக எண்ணுவதில்லை, அதனால் எல்லாப் பேச்சும் காதில் விழும். அதோடு நன்றிப்பலகையும் எழுதுவேன். பாறை மாதா கோயிலின் இடதுபக்கச் சுவர் முழுக்கத் தொங்குவது அவைதான். யாராவது பெரிய ஆபத்திலிருந்து உயிர் தப்பினால், அந்த ஆபத்து நடந்ததை நடந்தபடியே ஒரு பலகையில் படமாக எழுதி, மேல் மூலையில் மேகத்துக்குள் மாதாவை வைத்து, கீழே 'பெற்ற வரத்துக்காக' என்று எழுதி, செப்டம்பர் எட்டாம் தேதி மாதா பிறந்தநாளன்று மாட்டுவது எங்கள் வழக்கம். கிணற்றில் விழுந்தவர்கள், மாடு முட்டியவர்கள், கட்டிலோடு தீப்பிடித்தவர்கள் எல்லோரும் அந்தச் சுவரில் இருக்கிறார்கள்.

இதற்கு இரண்டு சட்டங்கள் உண்டு. பலகையில் பொய் இருக்கக்கூடாது. இரண்டாவது, வரம் பெற்றவர் தன் பலகையை மாட்டுகிற நாள் வரைக்கும் பார்க்கக்கூடாது. பார்த்தால் மூக்கைச் சின்னதாக்கு, முடியைக் கறுப்பாக்கு என்று உயிரை வாங்குவார்கள் என்பது எங்கள் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எஜீதியோ என்னிடம் பலகை எழுதச் சொல்லி வந்தது இந்த வருஷம் ஜூனில். ஆபத்து நடந்தது மே மாதம்.

ஒலிவத் தோட்டத்துச் சரிவில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். மேல் சக்கரம் கல்லில் ஏறி, வண்டி புரண்டு, எஜீதியோவின் கால் அடியில் மாட்டிக்கொண்டது. டீசல் ஒழுகுகிறது, வண்டி அங்குலம் அங்குலமாக இன்னும் சரிகிறது. இன்னொரு முறை சரிந்தால் நெஞ்சுக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் மேலே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த நிக்கோதேமோ ஓடிவந்தான். எஜீதியோவுக்கு எதிர்வீட்டுக்காரன். வேலிக்குழி தோண்ட வைத்திருந்த கடப்பாரையைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து, நெம்பி, ஒரு கல்லைக் காலால் உள்ளே தள்ளி, எஜீதியோவை இழுத்து வெளியே போட்டான். போட்ட பிறகு கடப்பாரையை உருவும்போது அது வழுக்கியது. வலது கையில் மூன்று விரல்கள் நசுங்கிவிட்டன. விரல்கள் இருக்கின்றன, ஆனால் மடங்குவதில்லை. எஜீதியோ பத்து நாள் நொண்டினார், சரியாகிவிட்டது. நிக்கோதேமோவால் இன்றைக்கும் சட்டைக்குப் பொத்தான் போட முடியாது. இடது கைப் பொத்தானை வலது கைதானே போட வேண்டும்?

அதற்குப் பிறகு நடந்ததை எனக்குச் சொன்னது நிக்கோதேமோவின் மனைவி வீத்தா. அவள் வீட்டு ஜன்னலுக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தேன். கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டே பேசினாள்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த அன்னைக்கு இவரு ஒரு சட்டை எடுத்துக் குடுன்னாரு அண்ணே. ஞாயித்துக்கிழமை சட்டை. எதுக்குன்னு கேட்டா, 'எஜீதியோ அண்ணன் வருவாரு, கந்தலோடயா உக்காந்திருக்கிறது'ன்னாரு. நான்தான் பொத்தான் போட்டுவிட்டேன். காபிக் கெட்டிலையும் அடுப்புல ஏத்தி வச்சேன்."

"வந்தாரா?"

"வந்தாரு. எங்க வாசலைத் தாண்டி, கையில இத்தாப் பெரிய மெழுகுவத்தியோட கோயிலுக்குப் போனாரு. மறுநாளும் சட்டை. மூணாம் நாளும் சட்டை. நாலாம் நாள் காலையில, 'வீத்தா, சட்டை அழுக்காயிடுச்சு, தொவைக்கப் போடு'ன்னாரு. அவ்வளவுதான். விரல் போனதுக்குக்கூட நான் அழலண்ணே. அந்தச் சட்டையத் தொவைக்கிறப்பதான் அழுதேன். ஒரே ஒரு வார்த்தை. தெருவைத் தாண்டி வந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னா என்னவாம்?"

எட்டு அடி அகலம் அந்தத் தெரு. அளந்து பார்த்தேன்.

நீங்கள் கேட்கலாம், ஒருவேளை மறந்திருப்பாரோ? மறக்கவெல்லாம் இல்லை. அண்ணாந்தவர்களை இத்தனை வருஷம் ஏணி மேலிருந்து பார்த்ததில் எனக்குப் புரிந்த ரகசியம் ஒன்று உண்டு. ஆண்டவருக்கு நன்றி சொல்வதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. அவர் எதிர்வீட்டில் குடியிருப்பதில்லை. காலையில் கதவைத் திறந்தால் மடங்காத மூன்று விரல்களோடு எதிரில் நிற்க மாட்டார். நிக்கோதேமோவுக்கு ஒருமுறை நன்றி சொல்லிவிட்டால், அப்புறம் தினமும் அவன் முகத்தைப் பார்த்தாக வேண்டும், அவனுடைய ஆடு தோட்டத்துக்குள் வந்தால் சத்தம் போட முடியாது, இந்த உயிர் அவன் கொடுத்தது என்று ஊருக்கெல்லாம் தெரிந்துபோகும். மெழுகுவத்தி ஏற்றிவிட்டால் தீர்ந்தது வேலை.

சரி, பலகைக்கு வருகிறேன். எஜீதியோ என் பட்டறைக்கு வந்து உட்கார்ந்து, முதலில் என் தூரிகைகளுக்காக ஆண்டவருக்குத் தோத்திரம் சொல்லிவிட்டு, விவரம் சொன்னார். சரிவு, ஒலிவ மரம், சிவப்பு டிராக்டர், அடியில் அவர்.

"நிக்கோதேமோவை எந்தப் பக்கம் நிறுத்தட்டும் அண்ணே?" என்றேன்.

"அவன் எதுக்கு தம்பி?"

"வண்டியத் தூக்குனது அவன்தானே?"

"தூக்கினது மாதா. அவன் ஞாயித்துக்கிழமை பூசைக்கே ஒழுங்கா வர்றதில்ல, ஆட்டைக் காரணம் சொல்லுவான். அவனைப் போய் மாதா பக்கத்துல நிறுத்தினா, மாதாவோட மகிமையில பங்கு கேக்குற மாதிரி ஆயிடாது?"

"அப்ப வண்டிய யாரு தூக்குற மாதிரி எழுதுறது? தானாத் தூக்கிக்கிச்சா?"

"மாதாவே வந்து தூக்கினாங்கன்னு எழுது. அதுதான் உண்மை. நான் என் கண்ணால பார்த்தேன்."

"முகத்தைப் பார்த்தீங்களா?"

"அடியில கெடந்தவனுக்கு முகம் எப்படிய்யா தெரியும்? பாதம் தெரிஞ்சுது. ரெண்டு பாதம், என் மூக்குக்கு நேரா வந்து நின்னுச்சு. அதைப் பார்த்த அந்த நிமிஷமே தெரிஞ்சுபோச்சு, ஆண்டவர் என்னைக் கைவிடலன்னு. நீ நான் பார்த்ததைப் பார்த்தபடி எழுது, போதும்."

சொல்லிவிட்டு மேலே பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அழுகை நிஜம். அதுதான் இந்த இனத்தோடு உள்ள தொல்லை, நடிப்பு என்று தள்ளிவிடவும் முடியாது.

எனக்கு இரண்டு வாரம் கை ஓடவில்லை. பொய் எழுதக்கூடாது, சொன்னவர் சொன்னதையும் மீறக்கூடாது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். மேலேயிருந்து வந்தது.

செப்டம்பர் எட்டு. பாறை மாதா கோயில் நிரம்பி வழிந்தது. பூசைக்கு முன்னால் பலகைகளை மாட்டுவார்கள். எஜீதியோ புதுக் கோட்டு போட்டுக்கொண்டு பீடத்துக்கு முன்னால் நின்றார். வழக்கப்படி நடந்ததைச் சத்தமாகச் சொன்னார். டிராக்டர் வந்தது, கல் வந்தது, டீசல் வந்தது, மாதா வந்தாள். "தோத்திரம்!" என்றது சனம். கடைசி வரிசையில், தீர்த்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நிக்கோதேமோ நின்றுகொண்டிருந்தான். அதே ஞாயிற்றுக்கிழமைச் சட்டை. வீத்தா முன்பக்கப் பொத்தான்களைப் போட்டுவிட்டு, பாடகர் குழுவுக்கு நேரமாகிவிட்டதால் ஓடிவிட்டாள் போல. இடது கை மணிக்கட்டில் துணி தொளதொளவென்று தொங்கியது.

எங்கள் பங்குச்சாமியார் ஒனோஃப்ரியோ, மெலிந்த மனிதர், பேச்சு குறைவு. பலகையை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்து வெள்ளைத் துணியை எடுத்தார்.

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

சரிவு இருந்தது. சிவப்பு டிராக்டர் இருந்தது. அடியில் எஜீதியோ இருந்தார், மூக்கு கொஞ்சம் பெரிதாகத்தான். மேல் மூலையில் மேகம் காலியாக இருந்தது. மாதா கீழே இறங்கி வந்திருந்தாள். நீல அங்கியை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகி, அங்கியின் கையை முழங்கை வரை சுருட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தாள். அவள் காலில் பச்சை ரப்பர் பூட்ஸ். இடது பூட்ஸில் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டிய சிவப்பு ஒட்டு. பக்கத்தில் ஒற்றைக் கொம்பு வளைந்த ஒரு வெள்ளாடு. ஆட்டை எப்படி விட முடியும்? நேரில் பார்த்த சாட்சி அது ஒன்றுதான்.

பாடகர் குழுவிலிருந்து ஒரு அம்மாளின் குரல் வந்தது. "அட! நம்ம நிக்கோதேமோ பூட்ஸுடீ அது!"

சிரிப்பு முன்வரிசையிலிருந்து கிளம்பிக் கதவு வரைக்கும் போயிற்று. எஜீதியோவின் முகம் டிராக்டர் நிறத்துக்கு வந்துவிட்டது. என் பக்கம் கையை நீட்டினார்.

"சாமி! இதைப் பாத்தீங்களா? மாதாவுக்கு ரப்பர் பூட்ஸ் மாட்டிவிட்டிருக்கான்! இது தேவநிந்தனை சாமி! இவனை வெளிய அனுப்புங்க!"

சாமியார் கண்ணாடியை எடுத்து மாட்டி, பலகைக்குப் பக்கத்தில் குனிந்து, நிதானமாக ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை வரைக்கும் பார்த்தார்.

"எஜீதியோ, அன்னைக்கு நீங்க பார்த்தது என்ன?"

"பாதம் சாமி. மாதாவோட பாதம்."

"சரி. வெறுங்காலா?"

எஜீதியோ கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"மாதா முன்னாடி நிக்கிறீங்க. பாத்ததைச் சொல்லுங்க. காலுல என்ன இருந்துச்சு?"

எஜீதியோ மேலே பார்த்தார். கூரையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"...பூட்ஸ்."

"என்ன கலரு?"

"பச்சை சாமி."

"அப்ப படத்துல தப்பு இல்ல. மாட்டுங்கப்பா." சாமியார் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். "எஜீதியோ, ஆண்டவர் மேல இருக்காருன்னு அண்ணாந்து பாக்குறீங்க, ரொம்ப சரி. ஆனா கீழ இறங்கி வர்றப்ப அவருக்கும் காலுக்கு ஏதாவது வேணுமில்ல? அவரு உங்க எதிர்வீட்டு பூட்ஸை மாட்டிக்கிட்டு வந்திருக்காரு. அந்த பூட்ஸுக்காரர் அதோ நிக்கிறாரு. போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க. அதுக்கப்புறம் பூசையை ஆரம்பிக்கலாம். எனக்கு அவசரமில்ல."

சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். பீடத்துக்கும் தீர்த்தத் தொட்டிக்கும் நடுவில் நாற்பது அடி இருக்கும். தெருவைப் போல ஐந்து மடங்கு. எஜீதியோ நடந்தார். நிக்கோதேமோ பாவம், ஓடிவிடலாமா என்று கதவைப் பார்த்தான், கதவில் கூட்டம். இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள். எஜீதியோ வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். அறுபத்தாறு வருஷமாக ஒரே திசையில் போய்ப் பழகிய சொல். திரும்பு என்றால் திரும்புமா?

"ந... நன்..." என்றார். கழுத்து தானாக மேலே போனது. "ஆண்டவருக்குத் தோத்திரம்!"

"தோத்திரம்!" என்றது பாடகர் குழு, பழக்க தோஷத்தில்.

வீத்தா மட்டும் சேர்ந்து சொல்லவில்லை. "விடுங்க சாமி, அவருக்கு வராது," என்றாள். குரல் உடைந்துவிட்டது. நிக்கோதேமோவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. அந்த மனிதன் தவிப்பதைப் பார்த்து அவனே ஏதோ பேசினான்.

"பரவால்ல அண்ணே. என்கிட்ட இருக்கிறதே அந்த ஒரு ஜோடிதான். அதையும் மாதாவுக்குக் குடுத்துட்டாங்க. நாளைக்கு ஆட்டுக்கு எதைப் போட்டுட்டுப் போறதுன்னுதான் யோசிக்கிறேன்."

யாரும் சிரிக்கவில்லை. எஜீதியோவின் தலை கீழே தொங்கியது. வெட்கத்தில்தான், வேறு காரணம் இருக்காது. ஆனால் தலை கீழே வந்த அந்த ஒரு தடவையில் அவர் கண்ணுக்கு நேராக வந்தது நிக்கோதேமோவின் இடது கை, திறந்து தொங்குகிற துணி, அதன் முனையில் ஆடிக்கொண்டிருந்த பொத்தான். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு தோட்டவேலை செய்து தடித்த தன் விரல்களால் அந்தப் பொத்தானைப் பிடித்தார். முதல் தடவை நழுவியது. இரண்டாம் தடவையும் நழுவியது. மூன்றாம் தடவை துளைக்குள் போனது. துணியை நேராக்கித் தட்டிவிட்டார்.

"இறுக்கமாத்தான் இருக்கு அண்ணே," என்றான் நிக்கோதேமோ, எங்கேயோ பார்த்துக்கொண்டு.

கேலி எழுத உட்கார்ந்தவன்தான் நான். ஆனாலும் சொல்கிறேன், அந்த இடத்தில் எனக்குக் கேலி செய்யத் தோன்றவில்லை. சாமியார் எழுந்து பூசையை ஆரம்பித்தார். அன்றைக்குப் பாட்டு நன்றாக இருந்தது.

இதோடு எஜீதியோ திருந்திவிட்டார் என்று முடித்தால் உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் மை மிச்சம். ஆனால் அண்ணாந்தவர்கள் அவ்வளவு லேசில் அழிகிற இனமா? அடுத்த வாரமே பார்பர் கடையில் இவர் குரல் கேட்டது. "ஆண்டவர் எனக்கு எவ்வளவு தாழ்ச்சியைக் குடுத்திருக்கார் பாருங்க! ஊர் முன்னாடி, புதுக் கோட்டோட, ஒரு ஆட்டுக்காரனுக்குப் பொத்தான் போட்டுவிட்டேன். யார் செய்வாங்க? ஆண்டவருக்கே தோத்திரம்!"

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் காலை ஏழரைக்கு எஜீதியோ அந்த எட்டு அடித் தெருவைத் தாண்டிப் போகிறார். பொத்தானைப் போட்டுவிடுகிறார். இப்போது இரண்டாம் தடவையிலேயே போய்விடுகிறதாம். நிக்கோதேமோவும் ஆட்டைக் கொட்டகையில் விட்டுவிட்டுக் கூடவே பூசைக்கு வருகிறான். இன்னும் அந்த வார்த்தை வரவில்லை. வீத்தா என்னிடம் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள்: "பொத்தானைப் போட்டுட்டு உக்காந்துடுறாரு அண்ணே. நான் காபி வச்சுக் குடுக்கணும். குடுத்தா, காபிச் செடியப் படைச்ச ஆண்டவருக்கு நன்றி சொல்லிட்டுக் குடிச்சுட்டுப் போறாரு!" திட்டினாள்தான். ஆனால் கெட்டில் இப்போதெல்லாம் ஏழு மணிக்கே அடுப்பில் ஏறிவிடுகிறது.

பலகைக்கு ஊரில் பெரிய பெயர். பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்து பச்சை பூட்ஸைப் பார்த்துவிட்டு என் கையைக் குலுக்குகிறார்கள். "எப்படி அமெதேயோ உனக்கு இப்படித் தோணுச்சு?" என்று கேட்கிறார்கள். நான் அடக்கமாகப் புன்னகைத்து, கண்ணைக் கூரைப் பக்கம் உயர்த்தி, "எல்லாம் ஆண்டவர் குடுத்தது," என்பேன்.

போன வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போதும் இதையே சொன்னேன். என் மனைவி லுக்ரேசியா சூப்பைத் தட்டில் ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டி நின்றது.

"ஏங்க, ஜூன் மாசம் தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்களே. 'பாதத்தைத்தானே பார்த்தாரு, அப்ப பாதத்தைப் போடுங்க, அவன் பூட்ஸோட போடுங்க'ன்னு அடுப்படியிலேர்ந்து ஒரு சத்தம் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? அது ஆண்டவர் குரலா இருந்துச்சா உங்களுக்கு?"

நான் சொல்ல வாயைத் திறந்தேன். "ந..." என்று வந்தது. அதற்கு மேல் வரவில்லை. கழுத்துதான் மெல்ல மேலே போயிற்று. எஜீதியோவைப் பார்த்து இனிமேல் யாரும் சிரிக்க வேண்டாம்.

நீங்கள் சிரிக்கலாம் என்கிறீர்களா? உங்களுக்கு இந்த வியாதி இல்லையா? ரொம்ப சந்தோஷம். இத்தனை நேரம் பொறுமையாகப் படிக்க அமைதியும் நல்ல வெளிச்சமும் கொடுத்த ஆண்டவரைப் புகழுங்கள், தாராளமாகப் புகழுங்கள், அது எப்போதும் நல்லது. அதற்கு முன்னால், இதைப் படிக்க ஆரம்பித்தபோது உங்கள் பக்கத்தில் இல்லாத ஒரு டம்ளர் காபி இப்போது இருக்கிறதே, அதை வைத்துவிட்டுப் போனது யார் என்று கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, ஆறிப்போச்சே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.